ஓசூருக்கு ஒரு மார்ப்பிள் பாட்டி

ஆங்கிலத் துப்பறியும் புனைவில் 'கோஸி' என்றொரு வகை உண்டு. கொலை நடக்கும், குருதி தெறிக்காது. ஊர் சிறியது, சந்தேகத்துக்குரியவர்கள் அனைவரும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். துப்பறிபவர் காவல்துறையைச் சேர்ந்தவர் அல்லர்; பெரும்பாலும் வயது முதிர்ந்தவர், அதிலும் பெண். அமெரிக்கரான அன்னா காதரின் கிரீன் 1897இலேயே அமீலியா பட்டர்வொர்த் என்ற மணமாகாத மூதாட்டியைத் துப்பறிய வைத்துவிட்டார். எனினும் 1927இல் ஒரு சிறுகதையில் தோன்றி, 1930இல் நாவலுக்குள் நுழைந்த அகதா கிறிஸ்டியின் மிஸ் மார்ப்பிள்தான் இவ்வகையின் முகம். ரிச்சர்ட் ஆஸ்மன் 2020இல் முதியோர் குடியிருப்பு ஒன்றின் நால்வரைக் கொண்டு எழுதிய 'தி தர்ஸ்டே மர்டர் கிளப்' பெற்ற வரவேற்பு, இந்த மரபு இன்னும் வற்றவில்லை என்பதைக் காட்டிற்று.

மார்ப்பிளின் கருவி பூதக்கண்ணாடி அன்று, ஒப்புமை. கொலைகாரனைப் பார்த்ததும் அவருக்கு ஊரில் என்றோ சில்லறை மோசடி செய்த ஒரு கடைப்பையன் நினைவுக்கு வருவான். மனித இயல்பு எங்கும் ஒன்றே என்பது அவர் கட்சி. தம் பாட்டி யாரிடமும் எதிலும் கெட்டதையே எதிர்பார்ப்பார் என்றும், பெரும்பாலும் அதுவே சரியாகவும் இருந்தது என்றும் கிறிஸ்டி நினைவுகூர்ந்திருக்கிறார். மார்ப்பிளுக்குள் அந்தப் பாட்டியின் சாயல் உண்டு. நாம் 'வம்பு' என்று ஒதுக்கும் ஒன்றை அறிவின் ஒரு முறையாக உயர்த்தியதே கிறிஸ்டியின் சாதனை என்போம்.

தமிழில் இந்த நாற்காலி ஏறத்தாழ காலியாகவே கிடக்கிறது. வடுவூர் துரைசாமி ஐயங்காரின் திகம்பர சாமியார் துறவி. தேவன் 1940களில் ஆனந்த விகடனில் உலவவிட்ட சாம்பு நடுவயது வங்கிக் குமாஸ்தா. அவர் வெல்வது அதிர்ஷ்டத்தால். சுஜாதாவின் கணேஷும் வசந்தும், பின்னர் பேருந்து நிலையக் கடைகளில் தொங்கிய மாத நாவல்களின் விவேக்கும், பரத்–சுசீலாவும், நரேந்திரன்–வைஜயந்தியும் இளையவர்கள். முதியவளுக்கு இடம் கிடைத்தது நகைச்சுவையில்தான். சேலம் மாவட்டத்து ஜலகண்டாபுரத்தவரான பாக்கியம் ராமசாமி படைத்த சீதாப்பாட்டிக்கு இருந்த மூளைக்கு எத்தனையோ வழக்குகளைத் தீர்த்திருக்கலாம். அவள் காலமெல்லாம் அப்புசாமியைச் சமாளிப்பதிலேயே கழிந்தது.

ஓசூரில் கூடி வாசிக்கும் எங்களில் சிலருக்கு இந்தக் குறை வேறொரு வகையில் உறைக்கிறது. மார்ப்பிளுக்கு ஊர் வேண்டும். எங்களுக்கு ஊர் இருக்கிறதா? 1970களில் சிப்காட் வந்தது. அதன் பின் லாரியும் மொபெட்டும் கைக்கடிகாரமும் இங்கே உருவாயின. பழைய சேலம் மாவட்டத்தின் எல்லைச் சிற்றூர் தருமபுரிக்கும், 2004இல் கிருஷ்ணகிரிக்கும் மாறி, 2019இல் மாநகராட்சியும் ஆகிவிட்டது. அத்திப்பள்ளியை எட்டினால் கர்நாடகம். ஒரே தெருவில் மதுரைக்காரரும் ஒடிசாக்காரரும் பீகாரியும் குடியிருக்கிறார்கள். ஷிப்டு மாறினால் முகங்களும் மாறுகின்றன. அடுத்த வீட்டுக்காரர் பெயர் தெரியாத இடத்தில் ஒப்புமைக்கு எங்கே போவது?

இதற்குக் கிறிஸ்டியே 1962இல் விடை சொல்லியிருக்கிறார். 'தி மிரர் கிராக்ட் ஃப்ரம் சைட் டு சைட்' நாவலில் செயின்ட் மேரி மீடின் ஓரத்திலும் ஒரு புதுக் குடியிருப்பு முளைத்துவிடுகிறது. முதுமையில் தளர்ந்த மார்ப்பிள், தம்மைக் கவனித்துக்கொள்ளும் பெண்மணியின் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு அங்கே நடந்து போகிறார். வீடுகள் புதியவை, உடைகள் புதியவை. மனிதர்கள் மட்டும் அவர் முன்பே அறிந்தவர்கள். புது ஊரைக் கண்டு அஞ்சாத அந்த நடை, அந்நாவலின் கொலையைவிட எங்களுக்கு முக்கியமாகப் பட்டது.

ஆனால் இந்த எல்லைப்புறத்துக்கு மார்ப்பிளை அப்படியே பெயர்த்துக் கொண்டுவர இயலாது. சாதி மறுத்து மணந்து ஓசூரில் குடியிருந்த ஓர் இளம் இணை 2018 நவம்பரில் கடத்திக் கொல்லப்பட்டது. உடல்கள் கர்நாடகத்துக் காவிரியில் கிடைத்தன; கைதானவர்கள் பெண்ணின் உறவினர்கள். இத்தகைய குற்றத்தில் கொலையாளி யார் என்பது புதிரே அன்று. மார்ப்பிளின் ஊர் அவரிடம் பேசும். எங்கள் ஊர்கள் தெரிந்தும் வாய் மூடும். போதாக்குறைக்கு, யார் யாரோடு போகிறாள் என்று திண்ணையிலிருந்து நோட்டமிடும் முதிய கண்ணே பல வேளைகளில் முதல் தகவலையும் சேர்ப்பிக்கிறது. ஆக, எங்கள் பாட்டிக்குக் கூர்மை மட்டும் போதாது. எதைக் கண்டுபிடிப்பது என்பதோடு, கண்டதை யாரிடம் சொல்லக்கூடாது என்பதும் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அப்படி ஒருவரை நாங்கள் அறிவோம். எங்களில் ஒருவர் குடியிருக்கும் தெருவில், தொழிற்சாலைக்குப் போகும் பெண்கள் நால்வருக்கு மாடி அறையை வாடகைக்கு விட்டிருக்கும் மூதாட்டி அவர். இந்த மண்ணின் பழைய குடி. வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், எங்களோடு தமிழ். ஒரு காலையில் இளைஞன் ஒருவன் வந்து அப்பெண்களில் ஒருத்தியின் பெயரைச் சொல்லி, தான் அவள் கூடப்பிறந்த அண்ணன் என்றான். பாட்டி உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். பிறகு இயல்பாகத் தெலுங்கில், "அம்மாவுக்கு உடம்பு தேவலையா?" என்று கேட்டார். அவன் விழித்தான், தெலுங்கு தெரியாது என்றான். அந்தப் பெண் இரவுதோறும் தன் தாயோடு கைப்பேசியில் பேசுவது தெலுங்கில்.

"ஒரே வயிற்றுப் பிள்ளைகளுக்கு ரெண்டு வீட்டுப் பேச்சு எப்படியப்பா வரும்?" என்று அவர் அவனிடம் கேட்கவில்லை, பின்னர் எங்களிடம்தான் கேட்டார். அவனிடம், அவள் அறையைக் காலி செய்து போய் ஒரு மாதமாயிற்று என்று முகம் மாறாமல் சொல்லி அனுப்பிவிட்டார். மாடியில் இரவு ஷிப்டு முடித்து உறங்கிக்கொண்டிருந்தவளை எழுப்பிக் கேட்டபோது, வேலை செய்த பழைய இடத்திலிருந்து அவளைத் தொடர்ந்து வந்து தொல்லை கொடுப்பவன் அவன் என்று தெரியவந்தது. அன்றே அவளைத் தம் மகள் வீட்டில் கொண்டுபோய்ச் சேர்த்தார். எந்த ஊர் என்பதை எங்களிடமும் சொல்லவில்லை. நாங்கள் கேட்டதற்கு, "தெரிஞ்சு என்ன செய்யப் போறீங்க?" என்றார்.

கொலை நடந்த பிறகு வரும் தெளிவு கிறிஸ்டியின் நாவல்களுக்கு உரியது. கொலை நடக்காமற்போன அந்தக் காலையை எவ்வாறு துப்பறியும் கதையாக்குவது என்பது தமிழ்ப் புனைவெழுத்தாளர் முன் உள்ள சவால். மும்மொழி கேட்கும் காதும், மூட வேண்டிய நேரத்தில் மூடும் வாயும் உள்ள பாட்டிகள் இப்பகுதியில் பலர் இருக்கிறார்கள். எழுதுகிறவர்கள் இன்னும் அவர்கள் வீட்டுப் படியேறவில்லை என்பதே எங்கள் ஆதங்கம்.