மண்ணுக்குள் ஒளித்த வெள்ளி

மகளின் பிரசவத்துக்காக லண்டன் போயிருந்த சமயம், ஒரு நாள் பேத்தியைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போனோம். சிலைகளைப் பார்த்துக் கால் கடுத்துப் போய் நின்ற இடத்தில், கண்ணாடிக்குள் பழைய வெள்ளிச் சாமான்கள்! "நேரமாச்சு, வாம்மா" என்றாள் மகள். நகையைக் கண்டால் நமக்குக் கால் நகருமா?

உக்ரைன் நாட்டில், ரோஸ் நதிப் பக்கம் மார்த்தினிவ்கா என்றொரு கிராமம். அங்கே மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த புதையலாம் இது. சுமார் 1,400 வருஷத்துக்கு முன் ஆன்ட்டீஸ் என்ற ஸ்லாவிய இனத்தார் வாழ்ந்த பூமி அது. நூற்றுக்கும் மேற்பட்ட வெள்ளி உருப்படிகளில் ஒரு பகுதி 1912-இல் லண்டன் மியூசியத்துக்கு வந்துவிட்டது. மீதி கீவ் நகரில். அண்ணன் தம்பி பாகம் பிரித்த கதைதான்!

பெண்ணுக்குக் காதணி, காறை, காப்பு, உடுப்பைச் சேர்த்துக் குத்தும் பெரிய ஊசி. ஆணுக்கு இடுப்பு வாரில் பதிக்கும் வெள்ளித் தகடுகள். அந்த வார், குதிரையேறித் திரிந்த நாடோடிகளிடமும் பைஜாந்திய வீரர்களிடமும் பரவியிருந்த மோஸ்தர். உடைந்த கிண்ணங்களிலோ பைஜாந்தியப் பேரரசின் முத்திரை, நம் ஹால்மார்க் மாதிரி! ஸ்லாவிய வீடு, புல்வெளிக் கூடாரம், பேரரசின் பட்டணம் மூன்றும் ஒரே மூட்டையில் இருந்திருக்கின்றன.

கீவில் இருக்கும் குட்டி வெள்ளி மனிதர்களை வீட்டுக்கு வந்து படத்தில் பார்த்தேன். இடுப்பில் கை வைத்து, கால் அகட்டி, ஆடுகிற பாவனை. முடிக்குத் தங்கப் பூச்சு. மார்பில் கட்டம் கட்டமாகக் கோடுகள். உக்ரைன்காரர்கள் இன்றும் விழாக்களில் அணியும் பூவேலைச் சட்டைதான் நினைவுக்கு வருகிறது.

வெளியூர் போகும்போது நாம் நகையை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைப்போமே! அப்படித்தானே அந்த வீட்டுக்காரியும் நினைத்திருப்பாள், வந்து எடுத்துக்கொள்ளலாமென்று? அவளும் வரவில்லை, அவள் பிள்ளைகளும் வரவில்லை.

2022-இல் போர் மூண்டபோது, கீவ் மியூசியத்தில் இருந்தவர்கள் தங்கள் பொக்கிஷங்களைக் காட்சியிலிருந்து எடுத்துப் பத்திரமாக ஒளித்து வைத்தார்கள். மறுபடியும் அதே பயம், அதே ஊர்ப்பக்கம்!

இந்த முறையாவது, ஒளித்து வைத்த கைகளே திரும்ப எடுத்து வைக்கட்டும்.