வாய் திறக்காத வாத்தியார்

கால்பந்தாட்டத்தில் பயிற்சியாளர் கோட்டோரமாக நின்று தொண்டை கிழியக் கத்துகிறார். கிரிக்கெட்டில் தண்ணீர் கொண்டு ஓடுகிற பையனிடம் சேதி சொல்லி அனுப்புகிறார்கள். செஸ் வாத்தியாருக்கு மட்டும் இந்தப் பாக்கியம் இல்லை. சிஷ்யன் சிக்கலில் மாட்டித் தவிக்கும்போது, அவர் சற்றுத் தள்ளி நின்று பலகையைப் பார்க்கலாம், பார்த்துவிட்டு நகரலாம். அவ்வளவுதான். குழு ஆட்டத்தில் காப்டனுக்கு ஒரு சிறு சலுகை உண்டு: சமன் செய்துகொள்ளலாமா, வேண்டாமா என்று ஒரு வார்த்தை சொல்லலாம். எந்தக் காயை எங்கே வைப்பது என்று மூச்சு விடக் கூடாது.

இந்த மௌனத்தைச் சுமந்துகொண்டு ஒரு மனிதர் 2022-இல் மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் பன்னிரண்டு நாட்களுக்கு மேல் நடமாடினார். அவர் ஆர்.பி. ரமேஷ்.

ரஷ்யாவில் நடக்க வேண்டிய 44-வது செஸ் ஒலிம்பியாட், யுத்தம் காரணமாக அந்நாட்டை விட்டு விலகி, நமது செங்கல்பட்டுக் கடற்கரைக்கு வந்து சேர்ந்தது. நாலே மாதத்தில் ஏற்பாடுகள். வேட்டி கட்டிய ‘தம்பி’ என்ற குதிரை ஊரெங்கும் கை கூப்பி வரவேற்றது. பொதுப் பிரிவில் மட்டும் 180-க்கும் மேற்பட்ட அணிகள். இந்தியாவின் இரண்டாவது அணிக்கு ரமேஷ் பொறுப்பேற்றிருந்தார். அதில் குகேஷ், பிரக்ஞானந்தா, ரௌனக் சாத்வானி மூவருக்கும் பதினாறு வயது; நிஹால் சரினுக்குப் பதினெட்டு. ‘பெரியவர்’ என்று சொல்லத் தக்கவர் முப்பதை நெருங்கிக்கொண்டிருந்த அதிபன் ஒருவர்தான்.

ரமேஷ் வெறும் வாத்தியார் அல்ல. ஆடி ஜெயித்தவர். இந்தியாவின் பத்தாவது கிராண்ட் மாஸ்டர். 2002-இல் பிரிட்டிஷ் சாம்பியன். 2007-இல் காமன்வெல்த் சாம்பியன். அதற்கு அடுத்த ஆண்டே, தம் மனைவியும் சர்வதேசப் பட்டம் பெற்றவருமான ஆர்த்தி ராமசாமியுடன் சேர்ந்து, சென்னையில் ‘செஸ் குருகுலம்’ தொடங்கிவிட்டார். அப்போது அவருக்கு வயது முப்பத்திரண்டுதான். நன்றாக எழுதிக்கொண்டிருக்கும் ஒருவனிடம், “நீ எழுதியது போதும், இனிமேல் பிள்ளைகள் எழுதுவதைத் திருத்திக்கொண்டிரு” என்று சொன்னால் அவன் என்ன பாடு படுவான் என்பது எனக்குத் தெரியும். பிறர் சொல்லாமல் தாமாகவே அந்த முடிவுக்கு வருவதற்கு வேறு வகை மனம் வேண்டும்.

அவருடைய போதனா முறையில் மந்திர தந்திரம் ஒன்றும் இல்லை. ஒரு நிலையைப் பிள்ளைகள் முன் வைப்பார். காயைத் தொடக் கூடாது. மனத்துக்குள்ளேயே நகர்த்திப் பார்க்க வேண்டும்: நான் இப்படிப் போனால் அவன் எப்படி வருவான், அதற்கு நான் என்ன செய்வேன், என்று கிளை கிளையாக. கணக்குகள் பையனின் வயதுக்கு எளிதாகவும் இருக்காது. எட்டாத உயரத்திலேயே வைப்பார். இன்று கம்ப்யூட்டரைத் தட்டினால் விடை கண் சிமிட்டும் நேரத்தில் வந்துவிடும். ஆனால் விடை கிடைப்பது வேறு, விடை காணும் திராணி கிடைப்பது வேறு அல்லவா? தொட்ட காயை நகர்த்தியே தீர வேண்டும் என்பது போட்டியின் சட்டம். கை போவதற்கு முன் மனம் கடைசி வரை போய்த் திரும்பியிருக்க வேண்டும்.

பூஞ்சேரிக்குப் போகும் வழியில் உளிச் சத்தம் கேட்கும். மாமல்லபுரத்தில் 1957-இல் தொடங்கிய சிற்பப் பயிற்சிக்கூடம் இன்று கல்லூரியாக வளர்ந்திருக்கிறது. அங்கும் இதே நியாயந்தான். தவறாக விழுந்த ஓர் அடியை எந்த ஸ்தபதியாலும் திரும்ப வாங்க முடியாது. அதனால் உளியைக் கையில் எடுக்கும் முன் கோடு போடப் பழக வேண்டியிருக்கிறது.

பத்தாவது சுற்று. எதிரணி உஸ்பெகிஸ்தான், அவர்களும் பெரும்பாலும் பையன்கள்தாம். அன்று ஜெயித்திருந்தால் நம் பிள்ளைகள் அவர்களைப் பின்னுக்குத் தள்ளியிருப்பார்கள். தங்கம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. முதல் பலகையில் குகேஷ். முதல் எட்டு ஆட்டங்களையும் வரிசையாக வென்று, ஒன்பதாவதைச் சமன் செய்திருந்தார். பதினேழு வயது அப்துசத்தரோவுக்கு எதிராக நல்ல நிலையை எட்டியவர், வென்றே தீருவதென்று முயன்று, நேரம் கரைந்துபோன நெருக்கடியில் தவறி ஆட்டத்தைப் பறிகொடுத்தார். பிரக்ஞானந்தா தம் பலகையில் ஜெயித்ததால் கணக்கு இரண்டுக்கு இரண்டு என்று நேராயிற்று. தங்கம் நழுவிற்று.

பதினாறு வயதுப் பையன், உலகமே பார்த்துக்கொண்டிருக்க, கையில் இருந்ததைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறான். மறு நாளே கடைசிச் சுற்று. இடையில் ஓய்வு நாள் கிடையாது. அன்றிரவு அறைக்குள் யார் யாரிடம் என்ன பேசினார்களோ, அது அவர்கள் விஷயம். ஆனால் ஒன்று எல்லோருக்கும் தெரியும்படி நடந்தது. ஐந்து பேரில் நாலு பேர்தான் ஆட உட்கார வேண்டும். யார் என்று எழுதிக் கொடுப்பது காப்டனின் பொறுப்பு. மனம் நொந்த பையனுக்கு ஓய்வு கொடுத்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். கருணை என்றே சொல்லியிருப்பார்கள். ஆயினும் முதல் பலகைக்குக் குகேஷின் பெயரே இருந்தது.

பேச அனுமதியில்லாத வாத்தியார் பேசுகிற பாஷை அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. “நேற்று தோற்றாய், இன்று உட்கார்” என்பதை ஒரு சீட்டில் ஒரு பெயராக எழுதிவிடலாம்.

குகேஷ் அன்று சமன் செய்தார். அணி ஜெர்மனியை மூன்றுக்கு ஒன்று என்று வென்று வெண்கலம் பெற்றது. இந்தியாவின் முதல் அணிக்குக் கிடைத்தது நாலாம் இடம். முதல் பலகையில் குகேஷுக்கும், இரண்டாம் பலகையில் நிஹாலுக்கும் தனித் தங்கம்.

நம் வீடுகளில் பிள்ளை கணக்குப் போடும்போது பென்சிலைப் பிடுங்கி நாமே போட்டுக் கொடுக்கிறோம். அதற்கு அன்பு என்று பெயர். பிள்ளை ஒருமுறை தோற்றால், “போதும் கண்ணா, இது உனக்கு வேண்டாம்” என்று கையைப் பிடித்து அழைத்து வந்துவிடுகிறோம். அதற்கும் அன்பு என்றுதான் பெயர்.

2024 செப்டம்பரில் புடாபெஸ்டில் நடந்த அடுத்த ஒலிம்பியாடில் இந்தியா இரு பிரிவிலும் தங்கம் வென்றது. குகேஷும் பிரக்ஞானந்தாவும் ஒன்றில். பிரக்ஞானந்தாவின் அக்காளும் ரமேஷின் சிஷ்யையுமான வைஷாலி மற்றொன்றில். அதே ஆண்டு டிசம்பரில் குகேஷ் உலக சாம்பியனானார். புடாபெஸ்டில் பொது அணியின் காப்டன் ரமேஷ் அல்ல. அவரைப் போலவே ஆடிவிட்டுப் போதிக்க வந்த சென்னைக்காரர் ஸ்ரீநாத் நாராயணன். பழைய வாத்தியார் பக்கத்தில் இல்லாமலே பிள்ளைகள் ஜெயித்தார்கள். அவர் கற்றுக் கொடுத்ததும் அதைத்தானே!