பனி நாட்டில் ஒரு டயர் கடை

பனியை நீங்கள் படத்தில் பார்த்திருப்பீர்கள். பஞ்சு கொட்டினாற்போல் வெள்ளையாக, கைக்கு மெத்தென்று இருக்கும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஆனால் அந்தப் பஞ்சின்மேல் நூறு கார்கள் ஓடிய பிறகு அது என்ன ஆகும் என்று நம்மில் யாரும் யோசிப்பதில்லை. ஐஸ் கச்சாங் தட்டைக் கவிழ்த்துத் தரையில் தேய்த்து, அதன்மேல் எண்ணெய் பூசினாற்போல் ஆகிவிடும்! அந்தச் சாலையில் மனிதர்கள் வேலைக்குப் போகிறார்கள். பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுபோய் விடுகிறார்கள். எப்படி முடிகிறது? அதைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்லப் போகிறேன். தோட்டத்துக்காரர்களாகிய நமக்கு அதில் ஒரு பங்கு உண்டு என்பதால் சற்றுப் பொறுமையாகக் கேளுங்கள்.

என் அக்காள் மகள் பின்லாந்து நாட்டில் தாதியாக வேலை செய்கிறாள். 2023 டிசம்பர் பள்ளி விடுமுறையில் அவளைப் பார்க்கப் போயிருந்தேன். பின்லாந்து ஏறக்குறைய நம் மலேசியா அளவுள்ள நாடு. ஆனால் மக்கள் தொகை 56 லட்சம்தான். எங்கு பார்த்தாலும் காடும் ஏரியும். அவள் வேலை செய்யும் தாம்பெரே நகரம் இரண்டு பெரிய ஏரிகளுக்கு நடுவே இருக்கிறது. ஓர் ஏரியின் தண்ணீர் ஊரின் நடுவே அருவியாய் இறங்கி மற்றோர் ஏரியில் விழுகிறது. அந்த நீரின் வேகத்தை நம்பித்தான் முன்னாளில் அங்கே பஞ்சாலைகள் எழுந்தன. டிசம்பரில் காலை ஒன்பது மணிக்கு மேல்தான் விடியும். மாலை மூன்று மணிக்கு இருட்டிவிடும். நான் போய் இறங்கிய அன்று பூஜ்யத்திற்குக் கீழே 12 பாகை குளிர். மூச்சு விட்டால் புகை வருகிறது. மூக்குக்குள் ஊசி குத்துகிறது.

என் அக்காள் மகள் குடியிருப்பது நகரத்துக்கு வெளியே, 25 கிலோமீட்டர் தூரத்தில். இரவு வேலை முடிந்து விடியாத காலையில் காட்டுச் சாலை வழியாகத் தனியாகக் காரோட்டி வருவாள். அந்த மாதந்தான் ஒரு பழைய கார் வாங்கியிருந்தார்கள். காரோடு நான்கு குளிர்காலச் சக்கரங்களும் வந்தன. அந்த டயர்கள் போதுமா, புதிது வாங்க வேண்டுமா என்பதுதான் வீட்டில் பேச்சு. புதிது என்றால் 600 யூரோ. நம் பணத்துக்குச் சுமார் மூவாயிரம் வெள்ளி. ஊரில் இருக்கும் அக்காளுக்கு மாதாமாதம் பணம் அனுப்புகிறவர்களுக்கு அது சின்னத் தொகை அல்ல.

நோக்கியா என்றொரு ஊர்

தாம்பெரேக்கு மேற்கே, காரில் கால் மணி நேரத்தில் ஒரு சிற்றூர் இருக்கிறது. அதன் பெயர் நோக்கியா. ஆம், நம் வீட்டில் எல்லாரும் ஒரு காலத்தில் வைத்திருந்த கைத்தொலைபேசியின் பெயர் அந்த ஊரிலிருந்து வந்ததுதான்! அந்த ஊருக்கு 1904-ஆம் ஆண்டு ஒரு ரப்பர் தொழிற்சாலை வந்தது. ரப்பர் காலணிகள் செய்தது; 1925-இல் சைக்கிள் டயரும் 1932-இல் கார் டயரும் செய்தது. அந்நாளில் பனிக்கென்று தனி டயர் எங்கும் கிடையாது. சக்கரத்தில் இரும்புச் சங்கிலியைச் சுற்றிக்கொண்டு ஓட்டுவார்கள். 1934-ஆம் ஆண்டு நோக்கியா ஊர்த் தொழிற்சாலை லாரிகளுக்கென்று ஒரு குளிர்கால டயரைச் செய்தது. உலகத்தின் முதல் குளிர்கால டயர் அதுதான் என்று சொல்கிறார்கள். இரண்டு ஆண்டு கழித்து 1936-இல் கார்களுக்கும் வந்தது. ஹக்காபெலீட்டா என்று பெயர் வைத்தார்கள். அது பழைய பின்லாந்துக் குதிரைப் படை வீரர்களின் பெயர்.

இங்கேதான் நம் பங்கு வருகிறது. 1934-இல் உலகத்திலேயே அதிகமாக ரப்பர் விளைந்த நாடு எது? நம் மலாயா. 1877-இல் 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. தாவரத் தோட்ட இயக்குநராக இருந்த ரிட்லி என்பவர், மரம் சாகாமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையைக் கண்டு சொன்னார். அதன்பின் காட்டை அழித்து, நிரை பிடித்து, மங்கு கட்டி, விடியுமுன் நெற்றி விளக்கோடு பால் வெட்டியவர்கள் யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எந்த மரத்துப் பால் எந்தக் கப்பலில் எந்த நாட்டுக்குப் போனது என்று எந்தக் கிராணியும் கணக்கு வைக்கவில்லை. ஆனால் அந்தக் காலத்தில் உலகில் எங்கே டயர் உருண்டாலும் அதில் நம்மவர் கைவேலை கலந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

குளிரில் இறுகாத பால்

டயர் கடைக்கு மாப்பிள்ளையும் நானும் போனோம். கடைக்காரர் நடுத்தர வயது மனிதர். பேச்சு மிகக் குறைவு. பழைய டயரைத் தொட்டுப் பார்த்தார். கட்டை விரல் நகத்தை அதில் அழுத்தினார். நகம் இறங்கவில்லை. பிறகு புதிய டயரில் அழுத்தினார். நகத் தடம் பதிந்து மெல்ல மறைந்தது. மாப்பிள்ளை மொழிபெயர்த்துச் சொன்னார்:

“அத்தை, சாதாரண டயர் ரப்பர் 7 பாகைக்குக் கீழே போனால் இறுக ஆரம்பிச்சிடும். இறுகினா ரோட்டைப் பிடிக்காது. குளிர்கால டயரை மெதுவா இருக்கிற மாதிரி கலந்து செய்றாங்க. அதுல மரத்துப் பால் ரப்பர் முக்கியமாம்.”

எனக்கு உடனே மகிழ்ச்சி. செயற்கை ரப்பர் வந்தபோது நம் ரப்பருக்கு இனி வாழ்வில்லை என்று பலர் சொன்னதைக் கேட்டிருப்பீர்கள். ஆனால் இன்றைக்கும் மரத்துப் பாலை முழுவதும் தள்ளிவிட முடியவில்லை. காரணம், அது கடுங்குளிரிலும் நெகிழ்ச்சி இழக்காது. பூஜ்யத்திற்குக் கீழே 60 பாகையிலும் அது கண்ணாடிபோல் உடையும் நிலைக்குப் போவதில்லை. விமானச் சக்கரங்களும் பெரிய லாரிச் சக்கரங்களும் அதை நம்பியே இருப்பதற்கு அதன் உறுதியே காரணம். நம் மங்குகளில் உறைகிற கட்டிப்பால் இருக்கிறதே, அதுதான் தொழிற்சாலையில் கழுவி, துண்டாக்கி, உலர்த்தி, எஸ்.எம்.ஆர் 20 என்று முத்திரை குத்திய கட்டிகளாகி, டயர் செய்கிறவர்களிடம் போகிறது.

எதை வாங்குவது?

அந்நாட்டில் குளிர்கால டயர் இரண்டு வகை. ஒன்று ஆணி டயர். டயரின் முகத்தில் சின்னச் சின்ன உலோக ஆணிகள் பதித்திருக்கும். அவை ஐஸைக் கீறிப் பிடிக்கும். மற்றது ஆணியில்லா டயர். அதன் முகமெங்கும் கத்தியால் கீறினாற்போல் மெல்லிய பிளவுகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். அந்தப் பிளவுகளின் ஓரங்களே தரையைக் கவ்வும்.

இரண்டில் எது நல்லது என்று கேட்டால், ஓட்டும் சாலையைப் பார்க்க வேண்டும். கடுங்குளிரில் ஐஸ் உலர்ந்து கிடக்கும், அவ்வளவாக வழுக்காது. ஆபத்தானது பூஜ்யத்தை ஒட்டிய நாள். ஐஸின்மேல் மெல்லிய தண்ணீர்ப் படலம் நிற்கும். சாலை கருப்பாக, வெறுமையாகத் தெரியும், உண்மையில் கண்ணாடி. அந்தத் தரையில் ஆணி டயருக்கு ஈடில்லை. நகரத்துக்குள், உப்பும் சரளையும் போட்ட சாலையில் ஓட்டுபவருக்கு ஆணியில்லா டயர் போதும், சத்தமும் குறைவு. ஆணி சாலையைத் தின்னும். வசந்தத்தில் தூசி கிளம்பும். ஜப்பானில் பனி நகரங்கள் இந்தத் தூசியால் திணறியதால், 1990-இல் சட்டம் போட்டு ஆணி டயரை ஒதுக்கினார்கள்.

அதுபோக வேறு சில கணக்குகளும் உண்டு. டயரின் பக்கத்தில் மூன்று சிகரமுள்ள மலையும் நடுவே பனித்துளியும் வரைந்திருந்தால், அது பனியில் சோதித்துத் தேறிய டயர். ‘எம்’, ‘எஸ்’ என்ற எழுத்துகள் மட்டும் இருந்தால் அந்த உறுதி இல்லை. பள்ளத்தின் ஆழம் குளிர்காலத்தில் 3 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். ஒரு சக்கரத்தில் ஆணி இருந்தால் நான்கிலும் இருக்க வேண்டும். குளிர் கூடக் கூட டயரில் காற்றின் அழுத்தம் தானே குறையும் என்பதால் அடிக்கடி பார்க்க வேண்டும். கோடையில் குளிர்கால டயர்களைக் கழற்றி இருட்டான, குளிர்ந்த இடத்தில் வைப்பார்கள். வீட்டில் இடம் இல்லாதவர்களுக்கு அதை வாங்கி வைத்துப் பாதுகாக்கும் கடைகள் உண்டு. ‘டயர் ஓட்டல்’ என்றே பெயர்!

பழைய டயரை அளந்தார் கடைக்காரர். ஆழம் 4 மில்லிமீட்டர். சட்டப்படி குற்றமில்லை. பிறகு பக்கத்தில் இருந்த நான்கு எண்களைக் காட்டினார்: 3814. அதாவது 2014-ஆம் ஆண்டு 38-ஆவது வாரத்தில் செய்தது. ஒன்பது வயது! ஆணிகள் பாதி தேய்ந்து, சில விழுந்தும் போயிருந்தன.

மாப்பிள்ளைக்கு மனசு ஆறவில்லை. “இந்த ஒரு வருஷம் ஓட்டிப் பாத்துட்டு, அடுத்த வருஷம் மாத்தலாமே, அத்தை?” என்றார்.

நான் சொன்னேன்: “மாப்பிள்ளை, கடைக்குப் பின்னாடி காலி இடம் இருக்குதே. ஒரு தடவை பிரேக் போட்டுப் பாருங்க. அப்புறம் நீங்களே முடிவு பண்ணுங்க.”

கடைக்காரரும் தலையாட்டினார். அங்கே தரை முழுதும் ஐஸ். 20 கிலோமீட்டர் வேகத்தில் வந்து ஒரு கம்பத்துக்கு நேரே பிரேக்கை அழுத்தினார் மாப்பிள்ளை. கார் வழுக்கிக்கொண்டே போய் நின்றது. நான் எட்டுப் போட்டு எண்ணினேன்: 21 எட்டு. புதிய டயரை மாட்டிய பிறகு அதே இடம், அதே வேகம். 11 எட்டில் நின்றுவிட்டது. சைக்கிள் வேகத்திலேயே இந்த வித்தியாசம் என்றால், காட்டுச் சாலையில் மான் குறுக்கே வந்தால் என்ன ஆகும்? மாப்பிள்ளை அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை. பணத்தை எடுத்துக் கட்டினார்.

வீட்டில் கணக்குச் சொன்னபோது என் அக்காள் மகள், “சின்னம்மா, அம்மாவுக்கு இந்த மாசம் கொஞ்சம் கம்மியாத்தான் அனுப்ப முடியும். நீங்களே எடுத்துச் சொல்லிடுங்க” என்றாள். அன்று இரவே அக்காளிடம் பேசினேன். முப்பது வருடம் பால் வெட்டியவள் அவள். விஷயத்தைக் கேட்டுவிட்டு, “ரப்பருக்குத்தானே காசு போயிருக்குது? போகட்டும்” என்று சிரித்தாள்.

நமக்கு என்ன?

நம் ஊரில் பனி ஏது என்று கேட்கிறீர்களா? பனி இல்லைதான். ஆனால் மழை இருக்கிறதே! செம்பனை லாரிகள் ஓடி மழுங்கிய செம்மண் சாலை, மழை பெய்தால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அதில் மொட்டையாய்த் தேய்ந்த டயரோடு மோட்டார் சைக்கிளில் மூன்று பேராய் வருகிறோம். “இன்னும் ஒரு மாசம் ஓடும்” என்று சொல்லிச் சொல்லியே வருடத்தைக் கடத்துகிறோம். அந்த நாட்டுக்காரர்களுக்கும் காசு மரத்தில் காய்ப்பதில்லை. பள்ளத்தில் இத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து பார்க்கிறார்கள். குளிர்காலம் வந்தால் நெடுஞ்சாலை வேக வரம்பையே குறைத்துவிடுகிறார்கள். அந்தப் பழக்கத்தை நாமும் கற்றுக்கொள்ளலாமே.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வேலை செய்யுங்கள். பிள்ளைகளையும் கூட வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வண்டி டயரின் பள்ளங்களுக்குள் சின்ன மேடுகள் இருக்கும். டயர் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் அதற்கு ஆயுள் முடிந்தது என்று பொருள். பக்கத்தில் நான்கு எண்களைத் தேடச் சொல்லுங்கள். முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு ஆண்டு. பிள்ளைகளுக்கு அது நல்ல கணக்குப் பாடமும் ஆகும். டயர் பழையதாகி வெடிப்பு விட்டிருந்தால், தீபாவளிக்குப் புதுத் துணி ஒன்று குறைந்தாலும் பரவாயில்லை. முதலில் அதை மாற்றுங்கள்.