வெள்ளிக்கிழமைப் பிறந்தநாள்

வியாழன், இரவு

சவுதியின் ஜுபைலில் இருந்து மகன் பேசினான். "எம்மா, சனிக்கிழமையில இருந்து எனக்கு நைட் ஷிப்ட் போட்டுட்டாங்க. ஞாயித்துக்கிழமை வீடியோவுல வர முடியாது. பிள்ளைக்கு கேக் வெட்டுறத நாளைக்கே வச்சிருவோமா?"

ஞாயிற்றுக்கிழமையோடு பேத்திக்கு ஐந்து வயது. நட்சத்திரப் பிறந்தநாள் முன்னாடியே வந்துபோய், கிருஷ்ணாபுரம் ஆஞ்சநேயர் கோவிலில் அர்ச்சனையும் ஆயிற்று. தேதிப்படி ஞாயிறு. கொண்டாட்டம் இப்போது வெள்ளிக்கு வந்துவிட்டது.

அவனைக் குறை சொல்ல முடியாது. ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12 மணியில் இருந்து 3 மணி வரை வெயிலில் நிறுத்தி வேலை வாங்கக் கூடாதென்று அங்கே விதி. அதனால் அவன் கம்பெனியில் ஒரு பகுதி வேலையை இரவுக்கு மாற்றுகிறார்கள். இங்கே ஜன்னலைத் திறந்தால் சாரல் முகத்தில் அடிக்கிறது. அந்த ஊர் வெயில் எங்கள் வீட்டுக் கேக்கின் நாளை மாற்றுகிறது.

நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் மருமகள் எழுதினாள்: கேக், மெழுகுவர்த்தி, பலூன், கவுன், தட்டு, டம்ளர், வரும் பிள்ளைகளுக்குக் கொடுத்தனுப்ப ஏதாவது. மாலை ஆறு மணி என்று முடிவு செய்தோம். அப்போது அவனுக்கு மூன்றரை. வெள்ளிக்கிழமை வார விடுமுறை. துணி துவைத்து, சாப்பிட்டு முடித்து அறையில் இருப்பான்.

வெள்ளி, காலை

பேத்தியைப் பள்ளிக்கூட வேனில் ஏற்றிவிட்டு, மருமகள் கவுன் எடுக்கத் தென்காசிக்குப் போனாள். நான் மஞ்சப்பையோடு பேக்கரிக்குப் போனேன்.

"டீச்சர், ஒரு நாளைக்கு முந்தியே சொல்லணும்லா?" என்றார் மாஸ்டர். விஷயத்தைச் சொன்னேன். பிறகு அவர் எதுவும் கேட்கவில்லை. வெள்ளைக் கிரீம் பூசிய ஒரு கிலோ வெனிலா கேக் தயாராக இருந்தது. "அப்பா போன்லதான பாக்கப் போறாரு? அப்போ பூவு வேண்டாம். பேரப் பெருசா எழுதுதேன்."

பட்டர் பேப்பரைக் கூம்பாகச் சுருட்டி, உருக்கிய சாக்லேட்டை ஊற்றி, நுனியைக் கத்தரியால் துளியளவு வெட்டினார். முதலில் மேசைக் கல்லின் மேல் எழுதிப் பார்த்தார். பேத்தியின் பெயரில் ஒரு ழகரம் உண்டு. அது கீழே வளையும் இடத்தில் சாக்லேட் தடித்துவிட்டது. துணியால் துடைத்துவிட்டு மறுபடியும் எழுதினார். கேக்கின் மேல் கையை வைத்தபோது மூச்சை அடக்கிக்கொண்டார். கடைசி எழுத்து முடிந்ததும் இரண்டடி தள்ளிப்போய், போன் பிடிக்கிற தூரத்தில் நின்று பார்த்துவிட்டுத்தான் பெட்டியை மூடினார்.

வெள்ளி, பகல்

பேன்சி கடைக்குப் போகச் சாலையைக் கடக்க வேண்டும். திருமங்கலத்தில் இருந்து கொல்லம் போகிற தேசிய நெடுஞ்சாலை எங்கள் பஜாருக்குள்தான் போகிறது. சாதாரண நாளிலேயே கேரளாவுக்குப் போகும் லாரிகள் விடாது. இப்போது குற்றாலம் சீசன் வேறு. கூரையில் துண்டு காயப்போட்ட வேன்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. கேக் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன். ஒரு ஆட்டோக்காரர் வண்டியைக் குறுக்கே நிறுத்தி வழிவிட்டார்.

அதற்குள் வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாக ஆண்கள் பள்ளிவாசலுக்கு நடக்க ஆரம்பித்துவிட்டார்கள். கடையில் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது.

"பாய், அஞ்சாம் நம்பர் மெழுகுவர்த்தி?"

"அஞ்சு தீந்துட்டு டீச்சர். சின்ன மெழுகுவர்த்தி அஞ்சு தாரேன். பிள்ளைக்கு எண்ணிப் பாக்கவும் நல்லாருக்கும்." பலூன் பாக்கெட்டோடு, நான் கேட்காமலே காற்றடிக்கும் பம்பையும் எடுத்துவைத்தார். "ஜும்ஆவுக்கு நேரமாயிட்டு. துட்டு அப்புறம் பாத்துக்கிடலாம். பம்ப நாளைக்குக் கொண்டாங்க."

தட்டும் டம்ளரும் பக்கத்துக் கடையில். 2019 ஜனவரி 1 முதல் தூக்கியெறியும் பிளாஸ்டிக் தட்டு, டம்ளருக்குத் தமிழ்நாட்டில் தடை. பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதக் குவளைக்கும் சேர்த்துத்தான். ஆனாலும் கடைக்குக் கடை அது இன்னும் கைமாறுகிறது. இந்த அண்ணாச்சி வைப்பதில்லை. பாக்குமட்டைத் தட்டைக் கட்டாக எடுத்துக் கொடுத்தார். டம்ளருக்கு வீட்டு எவர்சில்வர் போதும். பிள்ளைகள் நம் வீட்டில் தின்ற எச்சில் தட்டு நாளை மாட்டின் வயிற்றுக்குள் போகக் கூடாது என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு.

வெள்ளி, பிற்பகல்

மருமகள் நாலு மணியாகியும் வரவில்லை. தென்காசி இங்கிருந்து பதினேழு கிலோமீட்டர்தான். ஆனால் சீசன் கூட்டத்தில் பஸ்ஸில் ஏறவே முடியவில்லையாம். நனைந்துகொண்டே வந்தாள். மஞ்சள் கவுன் பாலித்தீன் உறைக்குள் நனையாமல் இருந்தது. இன்னொரு கையில் பெரிய பை நிறைய ரம்புட்டான்.

"வர்ற பிள்ளைகளுக்குக் குடுக்க பென்சில் பாக்ஸ் கெடைக்கல அத்தை. ரோட்டோரத்துல இது வித்துச்சு."

எனக்கு அவளைப் பாராட்டத் தோன்றியது, பாராட்டினேன். ரம்புட்டானும் மங்குஸ்தானும் சாரல் மாதங்களில்தான் குற்றாலத்துச் சாலைகளில் குவியும். இந்த மாதத்தில் பிறந்த பிள்ளையின் விருந்துக்கு இதைவிடப் பொருத்தமாக எந்தக் கடையில் என்ன கிடைத்துவிடும்?

வெள்ளி, இரவு

ஆறு மணிக்கு போன் வந்தது. மகன் புதுச் சட்டை போட்டிருந்தான். அறையில் கூட இருக்கும் புளியங்குடிக்காரரும் கொல்லத்துக்காரரும் நேபாளத்துப் பையனும் கட்டிலில் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். அவர்களும் சேர்ந்துதான் பாடினார்கள். இரண்டு பக்கப் பாட்டும் சேராமல் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. யாருக்கும் அது குறையாகப் படவில்லை.

கேக்கைக் காட்டியதும் மகன் பெயரை எழுத்தெழுத்தாக வாசித்தான். "அப்பா, உனக்கு மழை பெய்யுதா?" என்று பேத்தி கேட்டாள். இல்லை என்றதும் போனைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடிவிட்டாள். பிள்ளைகள் எல்லோரும் பின்னால் ஓடினார்கள். அவனுக்குக் கேக் வெட்டியதைவிட அதிக நேரம் கிடைத்தது எங்கள் தெருதான்.

சனி, காலை

பம்பைத் திருப்பிக் கொடுத்தேன். பலூன் கடைப் பாக்கியைத் தீர்த்தேன். மிச்சத் தட்டுகளை எதிர்வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். அடுத்த வாரம் அங்கே பிறந்தநாள். அந்தப் பையனின் அப்பா இருப்பது துபாயில். 2022 ஜனவரியில் அமீரகம் வார விடுமுறையைச் சனி, ஞாயிறுக்கு மாற்றியது. அதில் இருந்து அவர்கள் வீட்டு விசேஷம் எல்லாம் ஞாயிற்றுக்கிழமை. சவுதியில் 2013 முதல் அரசு வார விடுமுறை வெள்ளியும் சனியும்; மகனுக்கு வெள்ளி மட்டும். விருந்து எந்தக் கிழமை என்று சொன்னால், அப்பா எந்த நாட்டில் இருக்கிறார் என்று எங்கள் தெருவில் சொல்லிவிடலாம்.

போனில் பார்ப்பதற்கு எதற்கு இத்தனை அலைச்சல் என்று உறவில் ஒருவர் கேட்டார். போனில் பார்ப்பதால்தான் அலைய வேண்டும். பக்கத்தில் இருக்கிற அப்பனுக்குப் பிள்ளையின் எல்லா நாளும் கிடைக்கிறது. தூரத்தில் இருப்பவனுக்கு இந்த அரைமணி நேரம். அதில் ஒன்றும் விட்டுப்போகக் கூடாது. இது பேக்கரி மாஸ்டருக்கும் பாய்க்கும் ஒரு வார்த்தையில் புரிந்தது. அவர்கள் வீடுகளிலும் யாரோ ஒருவர் வெளிநாட்டில் இருக்கிறார்.

மகனுக்குக் குரல் பதிவு அனுப்பினேன்: "இனிமே டூட்டி லிஸ்ட் வந்த உடனே எனக்கு அனுப்பிரு. என்னைக்கு வைக்கணுமோ அன்னைக்கு வைப்போம். கடைய நாங்க பாத்துக்கிடுதோம்."