நாலு மணி நேர வேலை, வாசலில் வேப்பமரம்... நைட் ஷிஃப்டில் ஒரு தபால் ஆபீஸ் கனவு!

நள்ளிரவு தாண்டி 2.40. சோழிங்கநல்லூரில் ஒரு கட்டடத்தின் ஏழாவது மாடி. காதில் ஹெட்செட், எதிரே இரண்டு மானிட்டர்கள். அன்றைய கணக்கில் அது 47-வது அழைப்பு. மறுமுனையில் அமெரிக்காவிலிருந்து யாரோ ஒருவர், பில்லில் கூடுதலாக வந்த தொகைக்காகக் கத்திக்கொண்டிருக்கிறார். “உங்கள் சிரமம் புரிகிறது சார்” என்று அவள் வாய் ஆங்கிலத்தில் சொல்கிறது.

மனசு அங்கே இல்லை. தென்காசிப் பக்கம் ஒரு கிராமத்தில், ஓட்டு வீட்டின் முன்னறையில் உட்கார்ந்து, தபால் சீலில் தேதியை மாற்றிக்கொண்டிருக்கிறது.

வாசலில் ஒரு வேப்பமரம். மரமேசை. சீலை மையில் ஒற்றி, கடிதத்தின் மேல் ‘டொப்’ என்று ஒரு குத்து. பென்ஷன் பணம் வந்துவிட்டதா என்று கேட்டு ஒரு பாட்டி வருகிறார். பணத்தை எண்ணிக் கொடுத்ததும், பொக்கை வாய் திறந்து சிரிக்கிறார். மணி ஒன்று. கதவைச் சாத்தி, பூட்டை மாட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்குச் சாப்பிடப் போகிறாள்.

அதற்குள் 48-வது அழைப்பு வந்துவிடுகிறது.

அவளுக்கு 29 வயது. எட்டு மாதங்களாக, ஒருநாள் விடாமல் இந்தக் கனவு ஓடிக்கொண்டிருக்கிறது. கனவில் பாட்டியின் சேலை நிறம் மாறும், மரத்தில் சில நாள் அணில் வரும். ஆனால், கடைசிக் காட்சி மட்டும் மாறாது. அந்தப் பூட்டு.

ஒரு வாட்ஸ்அப் ஃபார்வர்டில் ஆரம்பித்தது

அதிகாலை கேபில் வீடு திரும்பும்போது, சொந்தக்காரர்கள் குரூப்பில் ஒரு செய்தி வந்திருந்தது. அஞ்சல் துறையில் கிராமப் பணியாளர்களுக்கான அறிவிப்பு. 18 முதல் 40 வயது. தேர்வு இல்லை, பத்தாம் வகுப்பு மதிப்பெண்தான் கணக்கு. உள்ளூர் மொழி தெரிய வேண்டும். சைக்கிள் ஓட்டத் தெரிய வேண்டும்.

அந்தக் கடைசித் தகுதியைப் படித்ததும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஏழு வருட வேலையில் அவளிடம் எத்தனையோ சாஃப்ட்வேர் தெரியுமா என்று கேட்டிருக்கிறார்கள். சைக்கிள் ஓட்டத் தெரியுமா என்று யாரும் கேட்டதில்லை.

இப்படி ஒரு ரகசிய வேலை வைத்திருப்பது அவள் மட்டுமல்ல. ராத்திரி 11 மணிக்கு கேன்டீனில் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் எல்லோருடைய கனவும் வெளியே வரும். டீம் லீடருக்கு கோத்தகிரியில் ஒரு டீக்கடை. பக்கத்து சீட் பையனுக்கு 20 ஆடு, ஒரு கிணறு. புதிதாகக் கல்யாணமான இன்னொருத்திக்கு புதுச்சேரியில் ஒரு சின்ன பேக்கரி. “பேசாம ஊருக்கே போயிரலாம்ப்பா” என்று யாராவது ஆரம்பித்தால், சாப்பாட்டு நேரம் முடிவதற்குள் எல்லோரும் ஒரு கடை திறந்துவிடுவார்கள்.

அந்தக் கடைகள் எதிலும் கடன் இல்லை. மழைக்கு ஒழுகுவதில்லை. முக்கியமாக, ஒன்றில்கூட போன் அடிப்பதில்லை.

மியூட் பட்டன்

கனவு காண்பதில் தப்பில்லை என்றுதான் அவளும் நினைத்திருந்தாள், ஒரு முதியவர் அழைக்கும் வரை.

அவர் மனைவி இறந்து மூன்று வாரம். மனைவி பெயரில் இருந்த இணைப்பை ரத்து செய்ய வேண்டும். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அழுதுவிட்டார். அவள் மியூட் பட்டனை அழுத்தினாள். தண்ணீர் குடித்தாள். நகத்தைப் பார்த்தாள். அவர் அழுது முடித்ததும் மியூட்டை எடுத்து, திரையில் இருந்த ஆறுதல் வாக்கியத்தை அப்படியே படித்தாள். அழைப்பு முடிந்தது. அவர் அவளுக்கு ஐந்துக்கு ஐந்து மதிப்பெண் கொடுத்திருந்தார்.

கேபில் போகும்போதுதான் அவளுக்குப் பயம் வந்தது. ஒரு மனுஷன் அழுதிருக்கிறார். தனக்குள் ஒன்றுமே அசையவில்லையே, ஏன்?

இதற்கு ஒரு பெயர் இருக்கிறது. பர்ன்அவுட். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் தன் சர்வதேச நோய் வகைப்பாட்டில் இதற்கு விளக்கம் கொடுத்தது. இது நோய் அல்ல, சரியாகக் கையாளப்படாத நீண்டகால வேலை அழுத்தத்தால் வரும் நிலை என்றது. அடையாளங்கள் மூன்று. உடலும் மனமும் வற்றிப்போன மாதிரியான சோர்வு. வேலையிலிருந்து மனம் விலகிப்போவது அல்லது வேலை மீதே ஒரு கசப்பு. செய்கிற வேலையில் திறமை குறைந்துவிட்டதான உணர்வு.

சோர்வு எல்லோருக்கும் தெரியும். இரண்டாவது அடையாளம்தான் சத்தமில்லாமல் வரும். அவளுக்கு அது மியூட் பட்டன் வழியாக வந்தது. (தூக்கமின்மையோ மனச்சோர்வோ தொடர்ந்தால், மத்திய அரசின் ‘டெலி மானஸ்’ இலவச உதவி எண் 14416-ஐ 24 மணி நேரமும் அழைக்கலாம்.)

மறுநாள் அவள் ராஜினாமா கடிதத்தை டைப் செய்து டிராஃப்டில் வைத்தாள். அனுப்பவில்லை. அப்பா, அம்மாவுக்காக ஊரில் கட்டிய வீட்டுக்கு மாதம் 23,400 ரூபாய் தவணை. இன்னும் ஒன்பது வருடம் பாக்கி.

தீவும் பென்குயினும்

கனவு வேலை நிஜமாகவே கிடைத்தவர்களும் இருக்கிறார்கள். 2009-ல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து சுற்றுலாத் துறை, ‘உலகின் சிறந்த வேலை’ என்று ஒரு விளம்பரம் கொடுத்தது. ஹாமில்டன் தீவைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆறு மாதம், 1,50,000 ஆஸ்திரேலிய டாலர் சம்பளம். 34,000 பேருக்கு மேல் விண்ணப்பித்தார்கள். தேர்வானவர் இங்கிலாந்தைச் சேர்ந்த பென் சவுத்தால். தீவில் படுத்துக்கொண்டே சம்பாதிக்கலாம் என்று உலகமே பொறாமைப்பட்டது. அவரோ, பேட்டிகளும் பயணங்களும் எழுதுகிற வேலையுமாக ஓய்வே இல்லாமல் போனது என்று பிறகு சொன்னார். பணி முடியப்போகும் நேரத்தில், கொடிய விஷமுள்ள சின்ன ஜெல்லி மீன் ஒன்று அவரைக் கொட்டியது. சிகிச்சைக்குப் பிறகு மீண்டார்.

அன்டார்க்டிகாவிலும் ஒரு தபால் ஆபீஸ் இருக்கிறது. பெயர் போர்ட் லாக்ராய். கடிதங்களுக்கு சீல் குத்துவதோடு, பென்குயின்களை எண்ணுவதும் வேலை. சில மாதப் பணிதான், ஆனாலும் ஆயிரக்கணக்கானவர்கள் விண்ணப்பித்திருக்கிறார்கள். அங்கே குழாய்த் தண்ணீர் கிடையாது. ஃப்ளஷ் டாய்லெட் கிடையாது. நாள் முழுக்கப் பென்குயின் எச்சத்தின் வாடை.

இந்தக் கஷ்டங்களெல்லாம் கனவில் வராது. அதனால் கனவுக்கு இன்னொரு குணமும் உண்டு. ஜெர்மனியைச் சேர்ந்த உளவியல் பேராசிரியர் கேப்ரியல் ஓட்டிங்கன், படிப்பை முடித்து வேலை தேடுபவர்களிடம் ஓர் ஆய்வு செய்தார். நல்ல வேலை கிடைத்துவிட்டதாக அடிக்கடி இனிமையாகக் கற்பனை செய்தவர்கள், இரண்டு வருடங்கள் கழித்துப் பார்த்தபோது, குறைவான விண்ணப்பங்களே போட்டிருந்தார்கள். வந்த வேலைவாய்ப்புகளும் குறைவு, சம்பளமும் குறைவு. மனசு கற்பனையிலேயே சாப்பிட்டு ஏப்பம் விட்டுவிடுகிறது. பிறகு எழுந்து சமைக்க அதற்குத் தெம்பு இருப்பதில்லை.

எட்டு மாதங்களாகத் தினமும் தபால் ஆபீஸைத் திறந்து மூடிய அவள், அந்த விண்ணப்பத்தை ஒருமுறைகூட நிரப்பிப் பார்க்கவில்லை.

அத்தையின் முன்னறை

அவள் அப்பாவின் தங்கை, 19 வருடங்களாகக் கிராமத்தில் கிளை அஞ்சல் அதிகாரி. அவள் கனவில் வந்த ஓட்டு வீடு அத்தையின் வீடுதான். போனில் விஷயத்தைச் சொன்னதும் அத்தை சிரித்தார். “நாலு மணி நேர வேலையா? எவன் சொன்னான்? நீ வா, ஒரு நாள் பக்கத்துல உக்காந்து பாரு.”

மூன்று நாள் லீவு போட்டுக்கொண்டு போனாள்.

வேப்பமரம் இருந்தது. சீல் இருந்தது. ‘டொப்’ சத்தமும் அப்படியே இருந்தது. கனவில் வராத சங்கதிகளும் இருந்தன. கிளை அஞ்சலகத்துக்கு இடம் கொடுக்க வேண்டியது அதன் அதிகாரியின் பொறுப்பு. அதனால்தான் அத்தை வீட்டு முன்னறை தபால் ஆபீஸாக இருக்கிறது. வேலையில் சேரும்போதே, பிழைப்புக்கு வேறு வருமானமும் இருக்கிறது என்று காட்ட வேண்டும். தொடக்கத் தொகை மாதம் 12,000 ரூபாய், அதற்கு மேல் அகவிலைப்படி. “உன் வீட்டு லோனுக்கே பத்தாதே” என்று அத்தை அவள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டார்.

டார்கெட்டும் இருந்தது. ஆர்.டி. கணக்கு, செல்வமகள் சேமிப்புக் கணக்கு, கிராமிய அஞ்சல் ஆயுள் காப்பீடு... மாதத்துக்கு இத்தனை பிடிக்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து போன் வந்துகொண்டே இருந்தது. சிக்னல் கிடைக்காமல் அத்தை மெஷினைத் தூக்கிக்கொண்டு கோயில் முக்கு வரை போய் நின்றார்.

11 மணிக்கு ஒரு பாட்டி வந்தார். கைரேகை வைத்துப் பணம் எடுக்க வேண்டும். மெஷின் ரேகையை ஏற்கவில்லை. ஐம்பது வருடம் பீடி சுற்றித் தேய்ந்த விரல். அத்தை தன் முந்தானையால் அந்த விரலைத் துடைத்து, வேறு விரலை வைத்து, மறுபடி துடைத்து... ஐந்தாவது தடவை பச்சை விளக்கு எரிந்தது. ஆயிரம் ரூபாயை எண்ணி வாங்கிய பாட்டி, “நல்லா இரு தாயி” என்று அத்தையின் கன்னத்தைத் தடவிவிட்டுப் போனார்.

இந்தக் காட்சி மட்டும் கனவில் வந்ததைவிட நன்றாக இருந்தது.

ஒரு மணிக்கு அத்தை கதவைப் பூட்டினார். அவள் எட்டு மாதமாகக் காத்திருந்த காட்சி. சோற்றைப் பிசைந்து வாயில் வைப்பதற்குள் பின்வாசலில் ஒரு குரல். “யக்கா, என் பையனுக்கு ஸ்பீடு போஸ்ட் வந்துச்சா?” அத்தை இடது கையால் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்துபோனார்.

அன்று சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து பூ தொடுத்தபடி அத்தை சொன்னதை அவள் எதிர்பார்க்கவில்லை.

“உனக்கு என்னட்டி குறை? ஏசி ரூமு, வாசலுக்குக் காரு வருது. மார்ச் மாசம் எனக்கு போன் மேல போன் வரும்லா... அப்போ கண்ண மூடிக்கிட்டு, உன்ன மாதிரி காதுல அத மாட்டிக்கிட்டு ஏசிக்குள்ள உக்காந்திருக்க மாதிரி நெனச்சுக்கிடுவேன்.”

அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “எவ்வளவு நேரம் அத்தே?”

“ஒரு நிமிசந்தான். பெறவு எந்திரிச்சு வேலையப் பாக்க வேண்டியதுதான்.”

பூட்டுதான் விஷயம்

சென்னைக்குத் திரும்பும் ரயிலில் அவள் தன் கனவைக் கணக்குப் போட்டுப் பார்த்தாள். அதில் உண்மையிலேயே அவளுக்கு வேண்டியது எது? சீல் இல்லை. மரம்கூட இல்லை. பகல் வெளிச்சம், எதிரில் ஒரு முகம், வேலை முடிந்தது என்று சொல்லும் ஒரு பூட்டு. இந்த மூன்றும்தான். தபால் ஆபீஸ், இவற்றை வைத்துக்கொள்ள மனசு கட்டிய ஒரு வீடு.

மூன்றையும் கிராமத்துக்குப் போய்த்தான் வாங்க வேண்டுமா?

டீம் லீடரிடம் போய்க் கேட்டாள். புதிதாகச் சேருபவர்களுக்குப் பகலில் பயிற்சி கொடுக்கும் குழுவில் இடம் வேண்டும் என்றாள். இரண்டு மாதம் இழுத்தார்கள். பிறகு கிடைத்தது. நைட் ஷிஃப்ட் அலவன்ஸ் 6,000 ரூபாய் போனது. தோழியோடு எடுத்திருந்த வீட்டில் இப்போது மூன்றாவதாக ஒருத்தியைச் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். காலை நேரத்தில் பாத்ரூமுக்கு க்யூ. வேலை முடிந்த பிறகு வரும் மெசேஜ்களுக்கு மறுநாள்தான் பதில் என்று அவள் வைத்த இரண்டாவது கோரிக்கைக்கு, “பார்க்கலாம்” என்றார்கள். இன்னமும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

எல்லாம் சரியாகிவிடவில்லை. திங்கட்கிழமைகள் இன்னும் திங்கட்கிழமைகள்தான். ஆனால், புதிதாகச் சேர்ந்த 14 பேர் எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். வாடிக்கையாளர் அழுதால் என்ன செய்ய வேண்டும் என்பது பயிற்சிப் பாடத்தில் ஒரு வரிதான். அவள் அதற்கு அரை மணி நேரம் எடுத்துக்கொள்கிறாள். மியூட் பட்டனை அழுத்திவிட்டு நகத்தைப் பார்த்த கதையை மறைக்காமல் சொல்கிறாள்.

சாயங்காலம் அறைக்கு வந்ததும் லேப்டாப்பை பீரோவில் வைத்துப் பூட்டுகிறாள். தோழிகள் கிண்டல் செய்கிறார்கள். சில நாள் எட்டு மணிக்குத் திரும்பத் திறக்க வேண்டியிருக்கிறது. அத்தை இடது கையால் சாவி எடுத்தது அப்போது ஞாபகத்துக்கு வரும்.

கனவு போய்விடவில்லை. மதியம் மூன்று மணி வாக்கில், கண் சொக்கும்போது, வேப்பமரத்தடியில் ஒரு நிமிடம் நின்றுவிட்டு வருகிறாள். ராஜினாமா கடிதம் டிராஃப்டில் அப்படியே இருக்கிறது. அந்த வேலைக்கு வயது வரம்பு 40. அவளுக்கு இன்னும் 11 வருடம் இருக்கிறது.