உம்மாவின் அந்தூரியம்

உம்மா மௌத்தான பின், அவரின் கைவளர்ப்பாய் எஞ்சியது ஓர் அந்தூரியம்தான். கண்டியின் ஒக்டோபர் மழையில் அதன் இலைகள் மஞ்சளித்துத் துவண்டன. தாகமென்றெண்ணி என் மனைவி மேலும் தண்ணீர் ஊற்றினார். மண்ணோ ஏற்கெனவே சொதசொதவென்றிருந்தது.

சாடியைக் கவிழ்த்தேன். துர்வாடை! வேர்கள் பழுப்பேறி, தொட்டதும் தோல் கழன்று நூலாய் நின்றன. நீர் தேங்கினால் வேருக்குக் காற்றில்லை. அழுகிய வேர் தண்ணீரை உறிஞ்சாது. ஈரத்தில் நின்றே செடி வாடுகிறது, சகோதரிகளே!

கொதிநீரில் கழுவிய கத்தியால் அழுகியதையெல்லாம் வெட்டினேன். வெள்ளை வேர் நான்கைந்தே மிஞ்சின. பழைய மண்ணை வீசிவிட்டு, பொச்சுத் துண்டு, கரி, செங்கல் உடைசல் இட்டு நட்டேன். பசளை போடவில்லை. விரல்விட்டுப் பார்த்து, காய்ந்தால் மட்டுமே தண்ணீர்.

மனைவியைக் கடிந்ததற்கு வெட்கப்பட்டேன். நிலம் நனையாதிருக்கச் சாடிக்கடியில் தட்டு வைத்து நீரைத் தேக்கியவன் நானே.

டிசம்பரில் ஓர் இளந்தளிர் சுருள் விரித்தது, அல்ஹம்துலில்லாஹ். பூ இன்னும் வரவில்லை.