அக்கா ஏறாத வள்ளம்

முகாம் என்ற சொல்லை முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் செய்திகளில் எழுதி வந்தவன் நான். இராணுவ முகாம், அகதி முகாம், இடைத்தங்கல் முகாம், நலன்புரி முகாம் என எத்தனையோ முகாம்கள். மகிழ்ச்சியான ஒரு விடயத்தோடு சேர்த்து அச்சொல்லை ஒரு தடவையேனும் எழுதியதாக ஞாபகம் இல்லை. ஆதலால், 2023ஆம் ஆண்டு ஆவணி மாதம் ரொறன்ரோவில் அக்கா வீட்டில் தங்கியிருந்தபோது, "மாமா, வெள்ளிக்கிழமை எல்லாரும் காம்பிங் போறம். நீங்களும் வாறீங்கள்" என்று மருமகள் அறிவித்ததும் சற்றுத் தயங்கினேன். சொந்த வீட்டில் நல்ல கட்டில் இருக்க, காசு கொடுத்துக் கூடாரத்தில் படுக்கப் போவானேன் என்பதே என் மனதில் எழுந்த முதல் கேள்வி.

அக்காவின் மகளுக்கு அப்போது முப்பத்தொரு வயது. ஒவ்வொரு கோடையிலும் இந்தப் பயணத்தை ஒழுங்கு செய்பவள் அவளே. ஐந்து குடும்பங்கள், இருபத்திரண்டு பேர், ஆறு வாகனங்கள். பயணத் திகதிக்கு ஐந்து மாதங்களுக்கு முன்னர்தான் பூங்காவின் பதிவு திறக்கும். அன்று காலை கணினியின் முன் காத்திருந்து, அருகருகே நான்கு இடங்களை அவள் பிடித்திருந்தாள். ஓர் இடத்தில் ஆறு பேருக்கு மேல் தங்க முடியாது என்பது விதி. யார் அடுப்புக் கொண்டு வருவது, யார் தார்ப்பாய், யார் தண்ணீர்க் கலன், யார் கோழிக்கறி என்றெல்லாம் ஒரு பட்டியல். எங்களூர்க் கோயில் திருவிழாவின் உபயப் பட்டியல் கூட இத்தனை துல்லியமாக இருந்ததில்லை.

மூட்டையைத் தோளில் சுமந்து காட்டுக்குள் நடந்து போய்த் தங்குவோரும் அங்கே உண்டு. எங்களுடையது அப்படியல்ல. வாகனம் நேராகத் தங்குமிடத்துக்கே போகும். வாகனத்தின் பக்கத்திலேயே கூடாரம். ஒவ்வோர் இடத்திலும் ஒரு மர மேசையும் நெருப்பு மூட்ட ஒரு வளையமும் இருக்கும். சிறிது தூரத்தில் கழிப்பறையும் குளியலறையும் உண்டு. வயோதிபரும் கைக்குழந்தைகளும் வரக்கூடியதாக இருப்பதனாலேயே எம்மவர்கள் இதனைப் பெரிதும் விரும்புகின்றனர்.

நாங்கள் போனது அல்கொன்குயின் மாகாணப் பூங்காவுக்கு. ரொறன்ரோவிலிருந்து வடக்கே மூன்று மணித்தியாலத்துக்கு மேல் ஓட வேண்டும். 1893ஆம் ஆண்டு உருவாக்கப்பட்ட இப்பூங்காவின் பரப்பளவு 7,600 சதுர கிலோமீற்றருக்கும் அதிகம். யாழ்ப்பாண மாவட்டத்தைப் போல ஏழு மடங்கு. அதற்குள் இரண்டாயிரத்துக்கும் அதிகமான ஏரிகள். அந்த நிலத்தின் ஆதிக்குடிகளான அல்கொன்குயின் மக்களின் பெயரே பூங்காவின் பெயர். ஏரிகளையும் ஆறுகளையும் இணைத்து வள்ளத்தில் போகக்கூடிய வழிகள் மட்டும் 2,000 கிலோமீற்றருக்கு மேல் உள்ளன. பேர்ச் மரத்தின் பட்டையால் வள்ளம் செய்து, அவ்வழிகளில் முதலில் துடுப்புப் போட்டவர்களும் இந்நிலப்பகுதியின் பூர்வீக மக்களே.

அறுபதாம் இலக்க நெடுஞ்சாலை பூங்காவின் தென்பகுதியை ஊடறுத்துச் செல்கின்றது. மேற்கு வாசலால் நுழைந்து சற்றுத் தூரம் போனதும் கனூ ஏரி வருகின்றது. கனடாவின் புகழ்பெற்ற ஓவியர் ரொம் தொம்சன் 1917ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் திகதி இந்த ஏரியில்தான் வள்ளத்தில் புறப்பட்டுப் போனார். எட்டு நாட்களின் பின்னர் அவரது உடல் மிதந்தது. இக்காட்டையும் நீரையும் நன்கு பழகியவர் அவர். எவ்வாறு இறந்தார் என்பது இன்றைக்கும் விவாதத்துக்குரியது. வாகனத்தில் இக்கதையை மருமகள் சொல்லிக்கொண்டு வந்தபோது, முன் இருக்கையிலிருந்த அக்கா, "வேற கதை இல்லையே பிள்ளை உனக்கு" என்றார்.

அக்கா ஒவ்வோர் ஆண்டும் இப்பயணத்துக்கு வருவார். சமைப்பார். பேரப்பிள்ளைகளுக்கு நுளம்பு எண்ணெய் பூசி விடுவார். ஆனால், தண்ணீர்ப் பக்கம் போகவே மாட்டார். "அம்மாவுக்குத் தண்ணியெண்டாப் பயம்" என்பது அந்தக் குடும்பத்தில் எல்லோரும் ஏற்றுக்கொண்ட ஒரு செய்தி. ஏன் என்று எவரும் கேட்டதில்லை.

எனக்குக் காரணம் தெரியும் என்றே நான் எண்ணியிருந்தேன்.

எங்கள் முகாம் இரு ஆறுகளின் ஏரி என்று பெயர்கொண்ட ஏரியின் கரையில் அமைந்திருந்தது. பின்னேரத்துக்குள் கூடாரங்கள் எழுந்துவிட்டன. விறகை அங்கேயே விலைக்கு வாங்க வேண்டும். வீட்டிலிருந்து விறகு கொண்டு போனால், அதனுள்ளே இருக்கும் மரந்தின்னிப் பூச்சிகளும் கூடவே காட்டுக்குப் போய்விடுமாம். கரடிகள் உலாவும் இடம் ஆகையால், இரவில் உணவுப் பொருள் எதனையும் வெளியில் வைக்கக் கூடாது. கூடாரத்துக்குள் ஒரு பிஸ்கற் கூட இருக்கக் கூடாது. எல்லாம் வாகனத்துக்குள் பூட்டப்பட வேண்டும். கறிச் சட்டியைக் கழுவித் துடைத்து வாகனத்தில் ஏற்றிய அக்கா, "கரடிக்கும் எங்கட கறி பிடிக்கும்போல" என்று சொல்லிச் சிரித்தார்.

மறுநாட் காலை பெக் ஏரியைச் சுற்றி நடந்தோம். கரையோரமாகவே செல்லும், ஏறத்தாழ இரண்டு கிலோமீற்றர் நீளமான ஒற்றையடிப் பாதை. வேர்களும் கற்களும் நிறைந்தது. ஓரிடத்தில் பாதை நீருக்கு மிக அண்மையாகச் சென்றது. அக்கா என்னை நீர்ப்பக்கம் விட்டுத் தான் மரங்களின் பக்கமாக நடந்தார். என் கையைப் பிடித்திருந்தார். அந்தப் பிடி எனக்குப் பழக்கமானது.

1993ஆம் ஆண்டு மாசி மாதம். அத்தான் முன்னரே கனடாவுக்குப் போய்விட்டார். அக்காவையும் எட்டு மாதக் குழந்தையையும் கொழும்புக்குக் கூட்டிச் செல்லும் பொறுப்பு, பல்கலைக்கழகத்தில் கலைப்பீட மாணவனாக இருந்த என்மீது விழுந்தது. ஆனையிறவுப் பாதை 1990இல் மூடப்பட்டிருந்தது. குடாநாட்டிலிருந்து வெளியேறக் கிளாலிக் கடனீரேரியே வழி. இரவில், வெளிச்சம் இல்லாமல், படகுகளில் பூநகரிப் பக்கக் கரைக்குப் போய்ச் சேர வேண்டும். ஓர் இயந்திரப் படகின் பின்னால் வேறு படகுகளைக் கயிற்றால் பிணைத்து இழுத்துச் செல்வார்கள். சைக்கிள்கள், மூட்டைகள், கிழவர்கள், குழந்தைகள் எல்லாம் அதற்குள்ளேதான். அவ்வாண்டு ஜனவரி 2ஆம் திகதி இரவுதான் அந்நீரேரியில் படகுகள் தாக்கப்பட்டுப் பொதுமக்கள் பலர் கொல்லப்பட்டிருந்தனர். அது எல்லோருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே ஏறினோம். பெக் ஏரிக்கரையில் என் கையைப் பிடித்தது போலவேதான் அன்றும் பிடித்திருந்தார்.

அன்று பின்னேரம் காற்று அடங்கிய பின்னர், வாடகைக்கு எடுத்திருந்த வள்ளங்களை ஏரியில் இறக்கினார்கள். கனூ எனப்படும் அவ்வள்ளம் ஒடுக்கமானது, மெல்லியது. எழுந்து நின்றால் கவிழ்ந்துவிடும். வள்ளத்திலுள்ள ஒவ்வொருவருக்கும் அவரவர் உடலுக்கேற்ற மிதவை அங்கி ஒன்று இருக்க வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். ஒரு விசிலும் மிதக்கும் கயிறு 15 மீற்றரும் கூடவே இருக்க வேண்டும். மருமகளின் சட்டம் இன்னும் கடுமையானது. அங்கி அணியாதவர் வள்ளத்தில் கால் வைக்க முடியாது. "நாங்கள் நல்லா நீந்துவம் அக்கா" என்று இரண்டு இளைஞர்கள் வாதாடிப் பார்த்தார்கள். "குளிர்ந்த தண்ணிக்குள்ள விழுந்தா மூச்சுத் திணறும். நீச்சல் பிறகுதான்" என்று அவர்களை அவள் கரையிலேயே நிறுத்தி வைத்தாள். நம்மவர் ஏரியில் மூழ்கிய செய்திகளைக் கோடை காலத்தில் எழுதிக் களைத்தவன் என்ற முறையில், நானும் அவள் பக்கமே பேசினேன்.

நான் முன்னால், அவள் பின்னால். வள்ளத்தைத் திருப்புவது பின்னால் இருப்பவரின் வேலை. முன்னால் இருப்பவர் தாளம் தவறாமல் துடுப்புப் போட்டால் போதும். கரையை விட்டு அதிக தூரம் போகவில்லை. நீர் கண்ணாடி போலக் கிடந்தது. எங்கோ ஒரு லூன் பறவை நீண்ட குரலில் கூப்பிட்டது. 1987ஆம் ஆண்டு முதல் கனடாவின் ஒரு டொலர் நாணயத்தில் இருப்பது இப்பறவைதான். அதன் குரல் கேட்டதும் துடுப்பை நிறுத்தினேன். அவள் ஏதோ கேட்டாள். நான் பதில் சொன்னேன்.

"மாமா, ஏன் இரகசியம் கதைக்கிறமாதிரிக் கதைக்கிறீங்கள்? இஞ்ச ஒருத்தரும் இல்லை."

அப்போதுதான் கவனித்தேன். வள்ளத்தில் ஏறிய நேரம் முதல் நான் குரலைத் தாழ்த்தியே பேசி வந்திருக்கின்றேன். முப்பது ஆண்டுகள் போயும் என் தொண்டை அதனை மறந்திருக்கவில்லை.

"அம்மாவும் இப்பிடித்தான்" என்றாள் அவள். "தண்ணியக் கண்டா அவவின்ர குரல் குறைஞ்சிடும். ஏன் மாமா?"

சொல்வதற்கு வாயெடுத்தேன். திகதி, இடம், பாதை மூடப்பட்ட ஆண்டு, தாக்குதல் எல்லாம் ஒரு செய்தியைப் போல ஒழுங்காக என்னிடம் இருந்தன. ஆனால், ஏதோ தடுத்தது. பிறர் சொல்ல வேண்டிய கதையை அவருக்கு முன்னால் ஓடிப்போய்ச் சொல்லக் கூடாது என்று இளம் நிருபர்களுக்கு நான் பல தடவை புத்தி சொல்லியிருக்கின்றேன். "அதை அம்மாவிட்டைக் கேள்" என்று மட்டும் சொன்னேன். அவள் மறுபேச்சுப் பேசாமல் வள்ளத்தைக் கரைப்பக்கம் திருப்பினாள்.

அன்றிரவு பிள்ளைகள் உறங்கிய பின்னர், நெருப்பைச் சுற்றி ஏழெட்டுப் பேர் இருந்தோம். பிளாஸ்ரிக் கோப்பைகளில் இஞ்சி போட்ட தேநீர். மருமகள் நேரடியாகவே கேட்டாள். அக்கா என்னைப் பார்த்தார். பிறகு நெருப்பைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"உனக்கு அப்ப எட்டு மாசம். வள்ளத்தில ஒருத்தரும் கதைக்கக் கூடாது, குழந்தையள் அழக் கூடாது எண்டு சொல்லித்தான் ஏத்தினவை. பாதி வழியில நீ அழத் துவங்கீட்டாய். நான் உன்ர வாயைப் பொத்தினன். கரைக்குப் போகுமட்டும் கையை எடுக்கேல்லை. கொஞ்ச நேரத்தில நீ அசையிறதையும் விட்டிட்டாய். செத்துப் போச்சுதோ எண்டு பாக்கவும் பயம், கையை எடுக்கவும் பயம். கரையில இறங்கி நீ கத்தின பிறகுதான் எனக்கு உயிர் வந்தது."

எவரும் பேசவில்லை. அக்கா மேலும் சொன்னார்: "தண்ணிக்கு எனக்கென்ன பயம்? நான் கடற்கரையில வளந்தனான். என்ர கையை நினைச்சுத்தான் எனக்குப் பயம்."

அந்தப் படகில் அக்காவின் தோளோடு தோள் உரச நான் இருந்தேன். அவருடைய ஒரு கை என் கையைப் பிடித்திருந்தது. மற்றக் கை என்ன செய்துகொண்டிருந்தது என்பதை அந்த இருட்டில் நான் அறியவில்லை. பின்னர் கேட்கவும் இல்லை. குழந்தை அழவில்லை, நல்ல பிள்ளை என்றே இத்தனை காலமும் நினைத்திருந்தேன். எத்தனையோ தாய்மாரிடம் குறிப்புப் புத்தகத்தோடு போய், அன்றிரவு என்ன நடந்தது என்று கேட்டவன் நான். சொந்த அக்காவிடம் கேட்கவில்லை. கூடவே இருந்ததனால் எல்லாம் எனக்குத் தெரியும் என்ற எண்ணம்தான் காரணம். பின்னேரம் வள்ளத்தில் நான் வாய் திறந்திருந்தால், மருமகளுக்குச் சரியான திகதியும் சரியான இடமும் கிடைத்திருக்கும். கதை கிடைத்திருக்காது.

மருமகள் அழவில்லை. தன் கதிரையை அக்காவின் கதிரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டாள். தாயின் வலக்கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். நெருப்பு அடங்கும்வரை அப்படியே இருந்தார்கள். விதிப்படி நெருப்பின்மீது தண்ணீரை ஊற்றி, சாம்பலைக் கிளறி, மீண்டும் ஊற்றிவிட்டு நாங்கள் கூடாரத்துக்குப் போனோம்.

மறுநாட் காலை பிள்ளைகள் வள்ளத்துக்கு வரிசையில் நின்றார்கள். அக்கா கரைக்கு வந்தார். தன் பேரனுடைய மிதவை அங்கியின் பட்டியை இழுத்துப் பார்த்தார். தளர்ந்திருந்தது. இறுக்கினார். பிறகு அடுத்த பிள்ளை, அதற்கடுத்த பிள்ளை. நேற்று வாதாடிய இரண்டு இளைஞர்களையும் விடவில்லை. அவர்கள் சிரித்துக்கொண்டே கைகளை உயர்த்தி நின்றார்கள். "அண்டைக்கு இதில ஒண்டு எங்களிட்டை இருந்திருந்தா" என்று என்னிடம் சொல்லத் தொடங்கியவர், இடையில் நிறுத்திவிட்டு அடுத்த பட்டியைப் பிடித்தார்.

"நீங்களும் ஏறுங்கோவன் அம்மா" என்றாள் மருமகள்.

"இல்லைப் பிள்ளை. நான் இதில நிக்கிறன். நீங்கள் போட்டு வாங்கோ."

வள்ளங்கள் நான்கும் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. பிள்ளைகள் உரத்த குரலில் பாடிக்கொண்டு போனார்கள். அக்கா கணுக்கால் அளவு நீரில் நின்று, அவை திரும்பி வரும்வரை எண்ணிக்கொண்டிருந்தார்.

கோடையில் ஏரிக்கரைகளுக்குப் போகும் வாசகர்களுக்கு இரண்டு வேண்டுகோள்கள். மிதவை அங்கியின் பட்டியை ஒரு தடவை இழுத்துப் பாருங்கள். கூட வந்திருக்கும் வயது போனவர் ஏன் தண்ணீருக்கு இறங்குவதில்லை என்று, விடை தெரியும் என நினைத்தாலும், அவரிடமே ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.